ஆப்ட் அப்டேட் காலையில் ஓட மாட்டேன் என்கிறது

அம்பை ஜெராக்ஸ்:
அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பழைய டெஸ்க்டாப்பில் போன வாரம் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டேன். கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் போன வருஷ நோட்டீஸைக் கொடுத்து, தேதியை மட்டும் மாற்றச் சொல்வார்கள். வரிதாரர் பெயரெல்லாம் திரும்ப அடிக்க அரை நாள் போய்விடுகிறது. ஸ்கேன் செய்து எழுத்தாக்க டெசராக்ட் என்ற சாஃப்ட்வேரும் அதன் தமிழ் பேக்கேஜும் வேண்டும். இன்ஸ்டால் கொடுத்தால் 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்கிறது. சரி, உபுண்டுவில் சாஃப்ட்வேர் இறக்கித் தரும் ஆப்டுக்கு முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' கொடுப்போம் என்றால், 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று நாலைந்து வரி. நெட் நன்றாகத்தான் வருகிறது. மூன்று நாளாகக் காலையில் கடை திறந்ததும் இதே பாடு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சுடலைமாடன் கோயில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

பத்தமடைக்காரன்:
சர்வரை மாற்றிப் பாருங்கள் அண்ணாச்சி. 'சாஃப்ட்வேர் அண்டு அப்டேட்ஸ்' திறந்து மெயின் சர்வர் கொடுங்கள்.

அம்பை ஜெராக்ஸ்:
மாற்றினேன் தம்பி. அதே வரிதான்.

பாளை லேப்:
சர்வர்மேல் குற்றமில்லை அண்ணாச்சி. அந்த வரிக்கு 'இந்தத் தேதி இன்னும் வரவில்லையே' என்று பொருள். அப்டேட் எதையும் இன்ஸ்டால் செய்யாது. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எங்கே கிடைக்கும் என்ற பட்டியலைப் புதிதாக இறக்கி வைக்கும், அவ்வளவுதான். புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் அந்தப் பட்டியல் இல்லாததால்தான் டெசராக்டையே தெரியவில்லை என்கிறது. பட்டியலோடு ரிலீஸ் ஃபைல் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட ஒன்று வரும், அதில் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் அதற்குப் பிந்தி நின்றால் ஆப்ட் நம்பாது. 'டேட்' என்று அடித்துப் பாருங்கள். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போவீர்களோ?

அம்பை ஜெராக்ஸ்:
ஆமாம், தினமும் அணைப்பேன். 2024 என்று காட்டுகிறது!

பாளை லேப்:
அப்போ மதர்போர்டு செல் தீர்ந்துவிட்டது. மெயின் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 கனம், அதுதான் அந்த நம்பர். இன்றைக்கு அவசரத்துக்கு 'சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' கொடுங்கள், நெட்டிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அப்டேட், அதன்பின் இன்ஸ்டால். தேதிச் சோதனையையே நிறுத்திவிட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உங்கள் காவலுக்கு இருக்கிறது.

அம்பை ஜெராக்ஸ்:
செல் மாற்றிவிட்டேன். இன்று காலை மெயின் போட்டதும் தேதி சரியாக இருந்தது, அப்டேட் ஒரு எர்ரர் இல்லாமல் முடிந்தது. நோட்டீஸை ஸ்கேன் செய்தேன். நாற்பது வரிதாரரில் மூன்று பெயரில்தான் கை வைக்க வேண்டியிருந்தது. ரொம்ப நன்றி தம்பி.