பாலடின் ஆஃப் சோல்ஸ்: முதல் நாவலைப் படிக்காமல் நேராக இதற்குள் போகலாமா?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் மிகுபுனைவு நாவலான 'பாலடின் ஆஃப் சோல்ஸ்' படிக்கத் தொடங்கி மூன்று அத்தியாயம் ஆகிறது. இதற்கு முந்தைய 'தி கர்ஸ் ஆஃப் சாலியன்' கையில் இல்லை. நாற்பது வயது விதவை அரசி இஸ்டா கோட்டையை விட்டு வெளியே நடந்துவிடும் தொடக்கமே அருமை, கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனால் ஐந்து தெய்வத்தார், நான்கு தெய்வத்தார் என்று இரண்டு தரப்பு வருகிறதே, அவர்களுக்குள் என்ன தகராறு? வடக்கே போகப்போக வெப்பம் கூடுகிறதே, அச்சுப்பிழையா? விருது பெற்ற ஆண்டும் ஓரிடத்தில் 2004, இன்னோரிடத்தில் 2005 என்று இருக்கிறது. இந்தக் கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏட்டுச்சுவடி:

நிறுத்திவிட்டு முதல் நாவலைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் என் பதில். இது புரியாது என்பதற்காக இல்லை, புரியும். சாலியன் அரச குடும்பத்தின் சாபம், அரசரின் நெருங்கிய நண்பர் டி லூட்டெஸ் செத்த விதம், இஸ்டாவைப் பைத்தியம் என்று ஊர் நம்பியதன் காரணம் எல்லாவற்றையும் இஸ்டாவே தன் வாயால் பின்னால் சொல்கிறாள். சேதம் எதிர்ப்பக்கம்தான். 'கர்ஸ்' முழுவதும் காஸரில் என்ற மனிதர் பிழைப்பாரா, சாபம் தீருமா என்ற கேள்வியில் தொங்குகிறது. இங்கே அந்தக் காஸரில் தொடக்கத்திலேயே கடிதம் எழுதும் மந்திரியாக வந்து நிற்கிறார். இதை முடித்துவிட்டு அதை எடுத்தால் அந்தப் பதைபதைப்பு கிடைக்காது.

இன்னொன்று: ஒரு தெய்வம் மனிதருக்குள் எப்படி இறங்கும் என்பதை முதல் நாவலில் உமெகாட் என்பவர் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஊற்றிக் காட்டுவார். கவிழ்ந்த கோப்பையில் எதுவும் நிற்காது. அந்தக் காட்சி மனதில் இருந்தால், இஸ்டா தெய்வங்களோடு போடும் சண்டை ஒவ்வொன்றும் கூடுதலாக வலிக்கும்.

கடல்காகம்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் மூன்று அத்தியாயம் படித்தவருக்குக் கெட வேண்டியதில் பாதி ஏற்கெனவே கெட்டாயிற்று. தொடர்ந்து படிக்கலாம். கீழே உள்ளதைத் தெரிந்துகொண்டால் தடுக்காது.

தந்தை குளிர்காலம், தாய் கோடை, மகன் இலையுதிர்காலம், மகள் வசந்தம். ஐந்தாமவர் பாஸ்டர்ட், தாயின் பிள்ளை. எந்தப் பருவத்திலும் அடங்காதது எல்லாம் அவருடையது. இந்த உலகத்தில் அது வசவு இல்லை, வழிபாட்டுப் பெயர். 'முறைதவறிப் பிறந்தவன்' என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே போனால் பக்தர்கள் பேசும் தொனி பிசகிவிடும், பெயராகவே விட்டுவிடுங்கள். நான்கு தெய்வத்தார் இவரைத் தெய்வமாக ஏற்பதில்லை. வழிபாட்டுச் சைகை செய்யும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டால் அவர் அந்தத் தரப்பு. கட்டைவிரல்தான் பாஸ்டர்டின் விரல்.

பேய்களைப் பற்றித்தான் அதிகம் குழம்புவார்கள். 'பேய் பிடித்தது' என்று நாம் சொல்வதோடு இதைப் போட்டுப் பார்க்காதீர்கள், இவை செத்தவர்களின் ஆவி இல்லை. பாஸ்டர்டின் நரகத்திலிருந்து கசிந்து வரும் ஒழுங்கின்மைத் துளிகள். முதலில் பெரும்பாலும் சின்ன விலங்குக்குள் புகும். புகுந்த உடலிலிருந்து குணத்தையும் அறிவையும் கற்றுக்கொள்ளும். அந்த உடல் செத்தால் பக்கத்தில் உள்ள இன்னோர் உயிருக்குத் தாவும். மனிதர் பேயை அடக்கி வைத்திருந்தால் அவர் மந்திரவாதி. பேய் மேலெழுந்து உடலைக் கைப்பற்றினால் மனிதர் உள்ளே கைதி. எந்த நேரத்தில் யார் கை மேலோங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். கரடி வரும் அத்தியாயத்தை வேகமாகத் தாண்டினால் பிற்பாதியில் திண்டாடுவீர்கள்.

சாவுச் சடங்கும் அப்படியே. ஐந்து தெய்வங்களுக்கும் ஒவ்வொரு விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எது அடையாளம் காட்டுகிறதோ அந்தத் தெய்வம் ஆன்மாவை ஏற்றுக்கொண்டது. எதுவும் ஏற்காத, அல்லது தானே ஏற்க மறுத்த ஆன்மா பிரிந்து நின்று மெல்ல மங்கும். தலைப்பில் 'சோல்ஸ்' (ஆன்மாக்கள்) என்று இருப்பது சும்மா இல்லை.

முதல் மூன்றில் ஒரு பங்கு வெறும் யாத்திரை, பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். போரிஃபோர்ஸ் கோட்டை வரும்வரை பொறுங்கள். அங்கே நண்பகலில் சிறிது நேரம் மட்டும் கண்விழிக்கும் ஒருவர் இருக்கிறார். அந்தக் கோட்டையில் யார் எப்போது தூங்குகிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

பழையவரைபடம்:

வடக்கே வெப்பம் கூடுவது அச்சுப்பிழை இல்லை. ஸ்பெயினும் போர்த்துகல்லும் உள்ள ஐபீரியத் தீபகற்பத்தின் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், சாலியன் கிடைத்துவிடும். காஸ்டில்தான் சாலியன், ஆரகான்தான் இப்ரா. தெற்கே இருந்த முஸ்லிம் அரசுகளின் இடத்தில் வடக்கே ரோக்னாரிகள், அதாவது நான்கு தெய்வத்தார். 1469இல் மணந்துகொண்ட இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் இங்கே இசெல், பெர்கான்.

இஸ்டாவுக்கு மூலமாக அமைந்தவர் இசபெல்லாவின் தாய், போர்த்துகல்லின் இசபெல். கணவர் இரண்டாம் ஹுவான் 1454இல் இறந்தபின் அரெவாலோவில் ஒதுங்கி, மனநலம் குன்றியவர் என்ற பெயரோடு 1496 வரை வாழ்ந்தவர். அரசரிடம் செல்வாக்கு மிக்கவராக இருந்த அல்வாரோ டி லூனா 1453இல் தலை வெட்டப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த லூனாதான் டி லூட்டெஸ், நாவலில் சாவு மட்டும் வேறு மாதிரி. வரலாறு ஓரத்தில் தள்ளிவிட்ட ஒரு பெண்ணை எடுத்து, அவளுக்கு ஒரு முழு நாவலைக் கொடுத்திருக்கிறார் புஜோல்ட். இந்த வரிசையில் அவர் எடுத்த தீர்மானங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஏட்டுச்சுவடி:

விருது ஆண்டு: நாவல் வெளிவந்தது 2003. அறிவியல் புனைவு, மிகுபுனைவு விருதுகளான ஹியூகோவும் லோகஸும் 2004. அதே துறையின் இன்னொரு விருதான நெபுலாவுக்கு அப்போது வெளியான நாளிலிருந்து கணக்கிடும் வேறு விதி இருந்ததால், இது 2004ஆம் ஆண்டுப் பட்டியலில் வந்து 2005இல் வழங்கப்பட்டது. இரண்டு தகவலுமே சரி. வரிசை முழுவதற்குமாக 2018இல் இன்னொரு ஹியூகோவும் கிடைத்தது.

நிலாமுற்றம்:

மிக்க நன்றி. போரிஃபோர்ஸ் வரை போய்ப் பார்க்கிறேன். இது முடிந்ததும் அடுத்து எதை எடுப்பது?

கடல்காகம்:

2005இல் வந்த 'தி ஹாலோடு ஹன்ட்' வேறு நாடு, பழைய காலம், தனியாகவே நிற்கும். இஸ்டாவைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பேய்களின் விதிகள் பிடித்துப்போனால் 2015இல் தொடங்கிய பென்ரிக் குறுநாவல்களுக்குப் போங்கள். ஆனால் வெளிவந்த வரிசையில் படிக்காதீர்கள். 2017இல் வந்த 'பென்ரிக்ஸ் ஃபாக்ஸ்', 2016இல் வந்த 'பென்ரிக் அண்ட் தி ஷாமன்' கதைக்கும் 'பென்ரிக்ஸ் மிஷன்' கதைக்கும் நடுவே நடக்கிறது. 2020இல் வந்த 'மாஸ்கரேட் இன் லோடி'யும் 'மிஷ'னுக்கு முன்னால்தான்.