மறு: திருப்புதல் கையேட்டில் ‘படியெடுத்தல்’ – மாற்றுச்சொல் வேண்டுமா?

அன்பு நண்பர்களுக்கு,

டிஎன்ஏவிலுள்ள மரபணுவைப் பார்த்து ஆர்என்ஏ உண்டாகும் நிகழ்வை (transcription) உயிரியல் பாடநூல் ‘படியெடுத்தல்’ என்கிறது. நம் கையேட்டில் அதற்கு மாற்றுச்சொல் வேண்டுமா என்பதே பேச்சு. முந்தைய மடலில் வந்த கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

> பாடநூலில் ‘படியெடுத்தல்’ ஏற்கெனவே இருக்கிறது. இறுதித் தேர்வு நெருங்கும் வேளையில் புதுச்சொல் எதற்கு? பிள்ளைகளைக் குழப்பவா?

குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம். படி என்றால் நகல். ‘டிஎன்ஏ படியெடுத்தல்’ என்று படிக்கும் மாணவர், டிஎன்ஏவைப் போலவே இன்னொரு டிஎன்ஏ உண்டாகிறது என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் எண்ணுவார். ஆனால் அது இரட்டிப்பாதல் (replication). ‘படியெடுத்தல் பற்றி எழுதுக’ என்றால் எஸ் நிலை (செல் பிரியுமுன் டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டம்), டிஎன்ஏ பாலிமரேஸ் (புது டிஎன்ஏ இழையை உண்டாக்கும் நொதி), பாதி பழைய இழை பாதி புதிய இழை என்று அழகாக எழுதிவைக்கிறார்கள். எழுதியதெல்லாம் சரி, கேட்டது வேறு.

ஏட்டுச் சுவடியை வைத்துச் சொன்னால் எளிது. சுவடி முழுவதையும் ஓலைக்கு ஓலை எழுதி இன்னொரு சுவடி ஆக்குவது இரட்டிப்பாதல். அதிலிருந்து வேண்டிய ஒரு பாட்டை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொள்வதுதான் நாம் பெயர் தேடும் நிகழ்வு. முதலாவதில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் வார்ப்புருவாகின்றன, அதாவது பார்த்தெழுதும் மூலமாகின்றன. மனித உடற்செல் என்றால் 46 குரோமோசோம்களின் டிஎன்ஏவும் செல் பிரியுமுன் ஒருமுறை முழுக்க இரட்டிக்கிறது. இரண்டாவதில் ஒரு மரபணுவின் நீளம் மட்டும், அங்கும் ஒரே இழை மட்டும் வார்ப்புரு. அதுவும் செல்லுக்குத் தேவைப்படும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் நடக்கிறது. கிடைப்பது ஓரிழை ஆர்என்ஏ. டிஎன்ஏவின் நான்கு காரங்களில் ஒன்றான தைமின் வரவேண்டிய இடத்தில் யுராசில். இந்த வேறுபாடுகளில் ஒன்றையாவது பெயர் சுட்டவேண்டும்.

பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும் சொற்கள் நம்மிடம் உண்டு. ‘குன்றல் பிரிவு’ (meiosis) என்றதும் 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குன்றுவது நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களின் ‘ஒடுக்கற்பிரிவு’ம் அதே வேலையைச் செய்கிறது. ‘சவ்வூடு பரவல்’ (osmosis) இன்னும் நன்று, என்றாலும் பரவுவது நீர் என்று அது சொல்லாததால் உப்பைச் சவ்வு தாண்டவைக்கும் விடைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ‘மறைமுகப் பிரிவு’ (mitosis) பற்றி இப்போது வாய் திறக்கமாட்டேன், அதற்குத் தனி மடல்தொடர் வேண்டும்.

இனி, வந்த பரிந்துரைகள்.

> ‘பெயர்த்தெழுதல்’ எப்படி? ஏடு பெயர்த்தெழுதுவது பழைய வழக்குதானே.

வழக்கு அருமை. ஆனால் அடுத்த கட்டத்தில், ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோமில் நடப்பதற்கு ‘மொழிபெயர்த்தல்’ என்று பெயர். அடுத்தடுத்து இரண்டு பெயர்த்தல் வந்தால், ஒரு குழப்பத்தை நீக்கி இன்னொன்றை நட்டதாகிவிடும்.

> ‘ஆர்என்ஏ ஆக்கம்’ என்றால் யாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் 1970இல் டெமினும் பால்டிமோரும் கண்டறிந்த நொதியிடம் (reverse transcriptase) வந்ததும் இது நொடித்துவிடும். அந்த நொதி ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவை உண்டாக்குகிறது. எச்ஐவி நம் செல்லில் தங்கிவிடுவது அதன் துணையால்தான். அதைப் ‘பின்னோக்கு ஆர்என்ஏ ஆக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். கலைச்சொல் என்றால் அதிலிருந்து பிற சொற்கள் கிளைக்கவேண்டும்.

என் பரிந்துரை: வரியெடுப்பு. ஒலிவடிவம், வரிவடிவம் என்று இலக்கண வகுப்பில் படித்த அதே வரி. எழுத்து என்ற பொருளும் உண்டு, கோடு என்ற பொருளும் உண்டு. ஓரிழையாக வெளிவரும் ஆர்என்ஏவுக்கு இரண்டுமே பொருந்தும். வரியெடுப்புக் காரணி, பின்வரியெடுப்பு நொதி, வரியெடுக்கப்பட்ட பகுதி என்று தட்டாமல் கிளைக்கிறது.

வருமானவரித் துறை நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் சிரித்திருந்தார். வரி விதிப்போம், கட்டுவோம், ஏய்ப்போம். வரியை யாரும் ‘எடுப்பதில்லை’. வினை மாறும்போதே பொருளும் பிரிந்துவிடுகிறது.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. ‘லாக்டோஸ் இல்லாதபோது அடக்கிப் புரதம் ஆபரேட்டரில் (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ பகுதியில்) அமர்ந்து படியெடுத்தலைத் தடுக்கிறது’ என்று படிக்கும் மாணவர், பாக்டீரியாவின் டிஎன்ஏ இரட்டிப்பாவதே நின்றுவிட்டதாக நினைக்க இடமுண்டு. ‘வரியெடுப்பைத் தடுக்கிறது’ என்றால் அந்த ஐயத்துக்கு இடமில்லை: அந்த மரபணுக்களிலிருந்து தூது ஆர்என்ஏ (புரதம் கட்டச் செய்தி கொண்டுசெல்லும் ஆர்என்ஏ) வராது, அதனால் லாக்டோஸைச் சிதைக்கும் நொதியும் உருவாகாது.

தேர்வு பற்றிய கவலை நியாயமானது. விடைத்தாளில் பாடநூல் சொல்தான் செல்லும். மதிப்பெண்ணோடு விளையாட நமக்கு உரிமையில்லை. ஆகவே கையேட்டில் தலைப்பு ‘படியெடுத்தல்’ என்றே இருக்கட்டும். அதன்கீழ் ‘வரியெடுப்பு: ஒரு மரபணு, ஒரே வார்ப்புரு இழை, ஓரிழை ஆர்என்ஏ’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே இரட்டிப்பாதலுக்கும் அதே அளவில் ஒரு வரி. இரண்டும் ஒரே பக்கத்தில் கண்ணில் படவேண்டும். இப்போதைய வரைவில் நடுவே மெண்டலின் பட்டாணிச் செடி புகுந்து நிற்கிறது, அதை முன்னால் நகர்த்திவிடலாம்.

கலைச்சொல் பட்டியலில் ‘வரியெடுப்பு’ சேர்ப்பதில் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘எடுப்பு’க்கு மாற்றாக ‘வரிப்பு’ போதும் என்று யாரேனும் சொன்னால் அதற்கும் செவிசாய்ப்பேன், இன்னும் சுருக்கமாக இருக்கிறது.