பதிவை நீக்கினார்கள், கேட்க ஆள் இருந்ததா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நான் முதலில் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நண்பர்களோடு ஒரு பக்கம் நடத்துகிறேன். எந்த மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைக் கோட்டோவியமாக வரைந்து ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் போட்டோம். சில நிமிடங்களில் ‘சமூக விதிகளை மீறியது’ என்று நீக்கிவிட்டார்கள். மேல்முறையீடு செய்த மறுநொடியே ‘பரிசீலித்தோம், மாற்றமில்லை’ என்று பதில் வந்தது. அதை ஒரு மனிதர் பார்த்திருக்கவே முடியாது.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. பிரேசிலில் ஒருவர் இதே நோயின் அறிகுறிகளைப் படங்களோடு இன்ஸ்டாகிராமில் போட்டதை இயந்திரம் நீக்கியது. இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் இத்தகைய நீக்கங்களை விசாரிக்க அமைத்த மேற்பார்வை வாரியம், 2021 ஜனவரியில் அந்த நீக்கம் தவறு என்று தீர்ப்புச் சொன்னது. வாரியம் வரை போன ஒரு பதிவுக்கு நியாயம் கிடைத்தது, சரி. போகாத மற்ற பதிவுகளுக்கு?

அப்புறம் நாங்கள் ‘மா.ர்பகம்’ என்று நடுவில் புள்ளி வைத்து எழுத ஆரம்பித்தோம். பதிவு தப்பித்தது, ஆனால் அந்தச் சொல்லைத் தேடி வருகிற பெண்ணின் கண்ணில் அது படுவதே இல்லை. எங்களைப் பின்தொடர்பவர்களுக்கே பதிவு போய்ச் சேர வேண்டுமானால் ‘பூஸ்ட்’ செய்யுங்கள், பணம் கட்டுங்கள் என்று அறிவிப்பு வருகிறது. அதே தளத்தில் ‘புற்றுநோயை வேரோடு அழிக்கும்’ பொடிக்கு விளம்பரம் ஓடுகிறது. எங்கள் ஓவியம் தாண்ட முடியாத வாசலை அந்தப் பொடி காசு கொடுத்துத் தாண்டுகிறது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். மெட்டாவின் 2023 வருமானம் 13,000 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய எல்லாமே விளம்பரப் பணம். அங்கே வாடிக்கையாளர் விளம்பரதாரர், நாம் அல்ல.

இப்போது ஒரு சிறிய மாஸ்டடான் சர்வரிலும் எழுதுகிறோம். மாஸ்டடான் என்பது தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைப்பின்னல். விளம்பரம் இல்லை, பதிவுகள் நேர வரிசையில் வருகின்றன. அதே ஓவியத்தைப் போட்டதும் நிர்வாகியே செய்தி அனுப்பினார்: “எச்சரிக்கை வரி சேர்த்துப் படத்தை மறைத்துப் போடுங்கள், விரும்புகிறவர்கள் திறந்து பார்க்கட்டும்.” அவ்வளவுதான். அதுவும் கட்டுப்பாடுதான், ஆனால் பேசி முடிந்தது. குறை என்னவென்றால், எங்கள் வாசகர்களில் பெரும்பகுதி இன்னும் பெரிய தளத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் அதை விட்டு வர முடியவில்லை.

———

மேலே எழுதியவருக்கு: சிறிய தளத்தின் மறுபக்கத்தையும் பார்த்தவன் நான். எங்கள் சர்வரை ஒரே ஒருவர் தன் கைக்காசில் நடத்தினார். களைத்துப்போய் ஒருநாள் மூடப் போவதாக அறிவித்தார். மாஸ்டடானில் பின்தொடர்பவர்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், பழைய பதிவுகள் கூடவே வராது. எழுதியதெல்லாம் போயிற்று. அதற்கு முன்பு அவர் வேறொரு சர்வரை மொத்தமாகத் தடுத்தபோது, அங்கிருந்த என் நண்பர்கள் எல்லாரோடும் தொடர்பு அறுந்தது. முகவரியே பறிபோனவர்களும் உண்டு: ‘.af’ என்பது ஆப்கானிஸ்தானின் இணைய முகவரி என்பதால், queer.af என்ற சர்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு ரத்து செய்தது. ஆனாலும் பெரிய தளத்துக்குத் திரும்பவில்லை. இப்போது இருக்கும் சர்வரில் பலர் சேர்ந்து மாதச் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம், கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

———

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே டிஜிட்டல் சேவைச் சட்டப்படி, பதிவை நீக்கினால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரிய தளங்கள் மேல்முறையீட்டை முழுக்க இயந்திரத்திடம் விடவும் கூடாது. என் பதிவு ஒன்று நீக்கப்பட்டபோது இந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதிவு திரும்ப வந்தது. நீக்கல் அறிவிப்பின் படத்தை அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.