மெட்டோபுரோலால் எடுக்கும் அப்பாவுக்குக் கடும் சோர்வு: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:
என் அப்பாவுக்கு வயது 61. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து மெட்டோபுரோலால் சக்சினேட் 50 மி.கி. மாத்திரையை நாள்தோறும் எடுத்து வருகிறார். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடும் உண்டு. இதுவரை தொந்தரவு ஏதும் இல்லை. சில வாரங்களாகத்தான் சோர்வு, தலைச்சுற்றல், கைகால் சில்லிடுதல் என்று சொல்கிறார். வீட்டுக் கருவியில் நாடித்துடிப்பு 52 காட்டுகிறது. மாத்திரையே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார். அடுத்த பரிசோதனை வரை நிறுத்தி வைக்கலாமா?

மறுமொழி 1 (மருந்தாளுநர்):
தயவுசெய்து திடீரென நிறுத்த விடாதீர்கள். மெட்டோபுரோலால் ஒரு பீட்டா பிளாக்கர்; அட்ரினலின் இதயத்தைத் தூண்டாதபடி அது மறித்து நிற்கிறது. நெடுநாள் மறித்திருந்ததை ஒரே நாளில் விலக்கினால் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறி, நெஞ்சுவலியோ மறுபடியும் மாரடைப்போ வரக்கூடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றாலும், ஒன்றிரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து மருத்துவர்தான் நிறுத்துவார்.

சோர்வும் கைகால் குளிர்ச்சியும் இம்மருந்தில் அடிக்கடி காண்பவை. ஆனால் தலைச்சுற்றலும் சேர்ந்திருப்பதால் பரிசோதனை நாள்வரை காத்திராமல், நாளையே இதய மருத்துவரிடம் பேசுங்கள். துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இது மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது (பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்).

மறுமொழி 2:
சர்க்கரை விஷயத்தையும் கவனியுங்கள். கிளிமெபிரைடால் சர்க்கரை இறங்கினால் வழக்கமாக வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள்.

மறுமொழி 3 (செவிலியர்):
இதுவரை ஒத்துக்கொண்ட மருந்து திடீரென ஒத்துக்கொள்ளாமல் போனால், புதிதாக என்ன சேர்ந்தது என்றுதான் முதலில் பார்ப்போம். இதேபோல் துடிப்பைக் குறைக்கும் வெராபமில் அல்லது டில்டியாசெம் மாத்திரை சேர்த்தார்களா? கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறாரா?

கேள்வி கேட்டவர்:
மாத்திரை எதுவும் மாறவில்லை. ஆனால் கண் நீரழுத்த நோய்க்குப் போன மாதம் டிமோலால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். கண் மருந்துதானே என்று நாங்கள் இதய மருத்துவரிடம் சொல்லவில்லை.

மறுமொழி 3 (செவிலியர்):
டிமோலாலும் பீட்டா பிளாக்கரே. கண்ணில் விட்டாலும் மூக்குக்குள் வடிந்து இரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கக்கூடியது; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைத் தவிர்ப்பதும் இப்படி இரத்தத்தில் கலப்பதால்தான். இதுவே காரணம் என்று நான் முடிவு கட்ட மாட்டேன், ஆனால் நாளை பேசும்போது முதலில் இதைச் சொல்லுங்கள். பார்வையைக் காக்கும் மருந்து என்பதால் அதையும் நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உடலில் கலக்கும் அளவு குறையும்.