ஆர்35 ஜிடி-ஆர்: கம்ஃபர்ட் மோடிலும் முதுகில் அடிக்கிறது, டிராஃபிக்கில் உதறுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி (நைட்ரைவ்):
நிசான் ஜிடி-ஆர், 2010 மாடல். இன்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் கம்பெனி நிலையில்தான். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டி. சஸ்பென்ஷன் சுவிட்ச் கம்ஃபர்டில் இருந்தும் சின்னப் பள்ளம்கூட முதுகில் தெரிகிறது. லாரி ஓடி அமுங்கிய தடத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது. நெரிசலில் ஊரும்போது 1-2 கியரில் உதறல். காலையில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வண்டியை எடுத்தால் பின்னால் கடகட சத்தம். காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் (ரப்பர்மணி):
காயில்ஓவருக்கு இப்போது காசு போடாதீங்க. அந்த சுவிட்ச் பில்ஸ்டைன் டேம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரை, மட்டும்தான் தளர்த்தும். ஸ்பிரிங் எந்த மோடிலும் அதே விறைப்புதான். பள்ளத்தின் விளிம்பில் விழும் அடியை முதலில் வாங்குவது டயர். இதில் கம்பெனி போடுவது ரன்ஃபிளாட், பஞ்சரானாலும் ஓடும் டயர். அதன் பக்கச்சுவர் காற்று இல்லாமலே வண்டியைத் தாங்கும் கனத்தில் இருக்கும், அதனால் அடி அப்படியே உள்ளே வரும். பழசாகி ரப்பர் இறுகினால் இன்னும் மோசம். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் பாருங்க: 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் மிச்சம் இருந்தாலும் மாற்றுங்க.

சாதா டயர் போடலாம். முன்னால் 255/40 ஆர்20, பின்னால் 285/35 ஆர்20. விட்டம் முன்னால் 712 மிமீ, பின்னால் 707.5 மிமீ. இது நாலு சக்கர டிரைவ் என்பதால் இந்த விகிதம் கெடக் கூடாது. பாதி தேய்ந்த டயரோடு புதுசைக் கலக்காமல் நாலையும் ஒரே பிராண்டில், ஒரே மாடலில் சேர்த்து மாற்றுங்க. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்டும் கம்ப்ரசரும் கூடவே இருக்கணும். காற்றை டயர் ஆறியிருக்கும்போது கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்க. ஓடி வந்த சூட்டில் ஏறிக் காட்டுவதைப் பார்த்து இறக்காதீங்க. அலைன்மென்ட் பிரிண்டையும் கேட்டு வாங்குங்க. முன் சக்கரம் வெளிப்பக்கம் விரிந்திருந்தால் தடம் பிடித்து இழுப்பது கூடும்.

பதில் (கியர்கதிர்):
உதறலுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தம் இல்லை. கியர்பாக்ஸில் இருப்பது இரட்டை கிளட்ச். கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் புள்ளி நகரும். கம்ப்யூட்டர் பழைய புள்ளியையே நம்பினால் ஊரும்போது உதறும். வரிசை முக்கியம்: முதலில் ஆர்35-க்கான கியர்பாக்ஸ் ஆயில் (சுமார் 10 லிட்டர் ஆகும்), சொன்ன வெப்பநிலையில் அளவு பார்ப்பது, அப்புறம் கன்சல்ட் கருவியில் (நிசானின் கோளாறு பார்க்கும் கருவி) கிளட்ச் டச் பாயின்ட் லேர்னிங், அதாவது கிளட்ச் பிடிக்கும் புதுப் புள்ளியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது. லேர்னிங்கை முதலில் செய்து பிறகு ஆயில் மாற்றினால் வேலை இரட்டிப்பு. கண்ட்ரோல் மென்பொருளின் பதிப்பையும் பார்க்கச் சொல்லுங்க. ஆரம்பகாலப் பதிப்புகள் நெரிசலில் முரட்டுத்தனம். அதுவரை நெரிசலில் மேனுவல் மோடில் முதல் கியரைப் பிடித்து வையுங்க. மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, கிளட்ச் சூடாகும்.

கடகட பெரும்பாலும் பின் டிஃபரன்ஷியலின் லிமிடெட் ஸ்லிப் தகடுகள்தான் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுப்பவை). சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டியபோது குளிர்ந்த தகடு ஒட்டி ஒட்டி விடும். நன்றாகச் சூடான பிறகு காலி இடத்தில் மெதுவாக எட்டு போட்டுப் பாருங்க.

நைட்ரைவ்:
டயர் 1915! சூடானதும் எட்டில் சத்தம் இல்லை. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது முன்பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே, ஒரு கலகல சத்தம். அதுவும் டிஃபரன்ஷியலா அண்ணா?

கியர்கதிர்:
இல்லை தம்பி, அது பெல்ஹவுசிங் (இன்ஜினின் பின்முனையில் இருக்கும் கூடு) பேரிங்காக இருக்கலாம். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால், இன்ஜினை அதோடு இணைக்கும் புரொபெல்லர் ஷாஃப்ட் எப்போதும் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும். முன்னால் அதைத் தாங்கும் பேரிங்கில் ஆட்டம் வந்தால் ஐடிலில்தான் நன்றாகக் கேட்கும். ஆரம்ப வருஷ வண்டிகளில் தெரிந்த நோய். லிஃப்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்து, ஷாஃப்ட்டின் முன்முனையைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஆட்டம் இருந்தால் ஹவுசிங்கோடு மாற்றுவது நல்லது. துளையே தேய்ந்திருந்தால் புது பேரிங் மட்டும் போட்டு நிற்காது. டயரை இந்த வாரமே மாற்றுங்க, பேரிங்குக்கு அடுத்த சர்வீஸ் வரை நேரம் இருக்கு.