மறு: விலகிய மூட்டுக்குப் போடும் கட்டு – ஒரு சொல் தேவை

> முதலுதவிக் கையேட்டில் ‘ஸ்பிளின்ட் ஆஸ் ஃபவுண்ட்’ என்று வருகிறது. ‘அசைவு நிறுத்தல்’ என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. ‘ஸ்பிளின்ட் ஆஸ் ஃபவுண்ட்’ என்றால், அடிபட்ட கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் கட்டுவது. அசைவை நிறுத்து என்று மட்டும் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் முதலில் கையை நேராக்குவார், அப்புறம்தான் நிறுத்துவார். கோணலாகத் தெரிவதை நிமிர்த்தத்தானே யாருக்கும் கை போகும்? ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

தோள்மூட்டு விலகியவரைக் கவனித்திருப்பீர்கள். தோளின் உருட்சி மறைந்து ஓரம் முனையாகத் துருத்தும். அடிபட்ட கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, மறுகையால் தாங்கிப் பிடித்திருப்பார். வலி குறைவாக இருக்கும் கோணம் அவருக்கு அதுதான். பெரும்பாலான தோள் விலகல்களில் எலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு முன்பக்கமாக நழுவியிருக்கும். அக்குள் நரம்பு அந்த எலும்பை ஒட்டித்தான் சுற்றிப் போகிறது. மேற்கையின் வெளிப்பக்கத் தோல் மரத்திருந்தால் அந்த நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம். இந்த நிலையில் இழுத்தால் நரம்பும் ரத்தக்குழாயும் மேலும் சேதமாகலாம். கூடவே எலும்பு முறிந்திருக்கிறதா என்பதும் எக்ஸ்ரே எடுக்காமல் தெரியாது. ஆகவே, ‘நிமிர்த்தாதே’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

> ‘கண்டநிலைக் கட்டு’ எப்படி?

கண்டவுடன் பிடித்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘கண்டபடி கட்டு’ என்றுதான் காதில் விழுகிறது. அக்கா தந்த ‘இருந்தபடிக் கட்டு’ பேச்சுக்கு நெருக்கம்தான். இருந்தாலும் ‘உட்கார்ந்தபடி’ என்று பொருள் கொள்பவர்கள் நிறையப் பேர். ‘உள்ளநிலை’யோ நேரே மனநல மருத்துவரிடம் கொண்டுபோய் விடும்!

என் பரிந்துரை: நிலைமாறாக் கட்டு. அழியாப் புகழ், தீராப் பிணி என்பதைப் போன்ற அமைப்பு, யாருக்கும் புதிதல்ல. நிலையை மாற்றக் கூடாது என்ற கட்டளையும் உள்ளே வந்துவிடுகிறது. ‘நழுவாத கட்டு’ என்று யாராவது புரிந்துகொண்டால்? கொள்ளட்டும், அதுவும் தேவையானதே.

வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்கக் கையேட்டு நடையிலேயே எழுதிப் பார்த்தேன்:

“மூட்டு விலகியிருக்கலாம் என்று தோன்றினால் நிலைமாறாக் கட்டுப் போடுங்கள். கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில், உடம்புக்கும் கைக்கும் இடையே மடித்த துணியை வைத்து இடைவெளியை நிரப்பி, முக்கோணத் துணியால் தாங்கிக் கட்டுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கட்டியபின் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் கட்டைத் தளர்த்துங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். மூட்டைத் திரும்பப் பொருத்த மயக்க மருந்து தேவைப்படலாம்.”

தடுமாறாமல் படிக்க முடிகிறது.

> சுளுக்குக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சுளுக்கில் எலும்பு அதனிடத்தில்தான் இருக்கும். மூட்டைப் பிணைக்கும் லிகமென்ட்தான் இழுபட்டிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். அதற்குப் போடுவது வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் எலாஸ்டிக் கட்டு. ‘அழுத்தக் கட்டு’ என்று வேறு பெயர் இருப்பதே நல்லது. (லிகமென்ட், தசையை எலும்போடு இணைக்கும் டெண்டன் இரண்டையும் ‘தசைநார்’ என்றே எழுதிக் குழப்புகிறோம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே இழுத்தால் முடியாது.)

சுளுக்குக்கான முதலுதவியைச் சொல்லும் ‘ரைஸ்’ (RICE) என்ற ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழாக்கச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்று நான்கையும் சொல்லிவிட்டுப் போவோம். முதலெழுத்துகளைக் கோத்து ‘ஓஐஅஉ’ என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. தவிர, அந்தச் சுருக்கமே ஆட்டம் கண்டிருக்கிறது. 1978-இல் அதை உருவாக்கிய மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு அவரே எழுதினார். 2012-இல் வந்த ‘போலீஸ்’ (POLICE) என்ற மாற்றுச் சுருக்கம் முழு ஓய்வை விட்டுவிட்டு, தாங்கும் அளவுக்கு மூட்டுக்கு வேலை கொடு என்கிறது. அதை ‘அளவான சுமை’ என்று எழுதலாம். ஐஸ் வலியைக் குறைக்கும் என்பதால் கையேட்டில் இருக்கட்டும். ஆனால் துணி சுற்றி, ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மிகாமல் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

‘ஸ்பிளின்ட்’ என்ற, உறுப்பு அசையாதிருக்க வைத்துக் கட்டும் பட்டைக்கு ‘சிம்பு’ ஏற்கெனவே இருக்கிறது, புதிது தேட வேண்டாம். மூட்டு முழுதாக விலகாமல் பாதி விலகி நிற்கும் ‘சப்லக்சேஷன்’ என்பதற்கு ‘அரைவிலகல்’ சொல்லலாம். ஆனால் முதலுதவி செய்பவர் அதை வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது, கட்டும் மாறப்போவதில்லை. கலைச்சொல் பட்டியலில் மட்டும் போட்டுவிட்டு, கையேட்டில் விட்டுவிடலாம்.

‘நிலைமாறா’வுக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.