ஹாம் ரேடியோ: எஸ்டபிள்யூஆர் (அனுப்பற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற அளவு, 1 தான் பெஸ்ட்) சூப்பரா இருக்கு, ஆனா 40 மீட்டர் பேண்ட்ல (7 மெகாஹெர்ட்ஸ்) என் சத்தம் யாருக்கும் போகல, உதவுங்க

நாகை_மாடி:
ஓஎம் (ஹாம் நண்பர்கள்) எல்லாருக்கும் வணக்கம். ஊர் நாகப்பட்டினம், வீட்டுல இருந்து கடல் நடக்கிற தூரம்தான். மொட்டை மாடில ஜிஐ பைப் மாஸ்ட், கீழ 2 இன்ச் மேல ஒன்றரை இன்ச், மொத்தம் 30 அடி. உச்சில இன்வர்டட் வி (ரெண்டு கம்பி கையும் நடுவுல இருந்து கீழ சரியற டைபோல் ஆன்டெனா), ஒரு கை 33 அடி. அங்கிருந்து ஆர்ஜி 58 கேபிள் 25 மீட்டர் நேரா ரூமுக்கு வருது. பாலன் (கேபிள் வெளிப்பக்கம் கரண்ட் ஓடாம தடுக்க ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் நடுவுல போடறது) கிடையாது, மேல கேபிள பிரிச்சு நடுக்கம்பி ஒரு கைக்கு, வெளிப் பின்னல் இன்னொரு கைக்குன்னு சால்டர் வச்சு எம்சீல் அப்பி டேப் சுத்தியிருக்கு.

கட்டின புதுசுல 7.100 மெகாஹெர்ட்ஸ்ல எஸ்டபிள்யூஆர் 1.3 வரும், பேண்ட் ரெண்டு ஓரத்துலயும் 1.7 கிட்ட போகும். இப்போ மழை ஓஞ்சு பாத்தா 7.000ல இருந்து 7.200 வரைக்கும் எங்க வச்சாலும் 1.2 தாண்டல. கேக்கற இரைச்சலும் சிக்னல் மீட்டர்ல எஸ்7ல இருந்து எஸ்5க்கு எறங்கிடுச்சு. ஆனா காலை நெட்ல (எல்லாரும் கூடிப் பேசற நேரம்) முன்னாடி 59 (நல்ல தெளிவு, நல்ல பலம்) குடுத்த பெங்களூர், கோயமுத்தூர் ஸ்டேஷன் எல்லாம் இப்போ "அடியில கெடக்கீங்க, திருப்பி சொல்லுங்க"ங்கறாங்க. டம்மி லோட்ல (ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டற சுமை) போட்டா ரிக் (ரேடியோ பெட்டி) முழுசா 50 வாட் காட்டுது. மைக் மாத்தியும் பாத்தாச்சு. வேற எங்க பாக்கணும்?

புதுசு_எஸ்டபிள்யூஎல்:
பேண்ட் கண்டிஷன் சரியில்லையோ என்னவோ. எனக்கும் காலைல 40 மீட்டர் டல்லாதான் கேக்குது.

சால்டரிங்_அயர்ன்:
பாலன் இல்லாம எப்படி ஓட்டறீங்க?? மொதல்ல ஒரு 1:1 கரண்ட் பாலன் போடுங்க, பாதி பிரச்சனை போயிடும்.

நாகை_மாடி:
கண்டிஷன் இல்ல ஓஎம், அதே நேரத்துல காரைக்கால் ஸ்டேஷன் ஒண்ணு பெங்களூருக்கு 59 போகுது, நான் மட்டும்தான் அடியில. பாலன் போடலாம், ஆனா அது இல்லாமயே முன்னாடி நல்லா போச்சே.

மாஸ்ட்_மாமா:
தம்பி, உங்க எஸ்டபிள்யூஆர் நல்லா இருக்கறதுதான் வியாதி. 33 அடி கை வச்ச சாதா டைபோல் 200 கிலோஹெர்ட்ஸுக்கு அப்படி தட்டையா இருக்கவே இருக்காது, ஓரத்துல ஏறியே ஆகணும். ஏறலன்னா நடுவுல ஏதோ பவர தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். நீங்க அனுப்பறது மேல போகும்போது பாதி தேயுது, ஆன்டெனாவுல பட்டு திரும்பி வரும்போது மிச்சத்துல பாதி தேயுது, திரும்பி வர்றது கம்மியானா மீட்டர் 1.2ன்னு சிரிக்கும். இரைச்சல் கொறஞ்சதும் அதே கணக்குதான், வெளிய இரைச்சல் கொறையல, கேபிள் அதையும் சேத்து தின்னுது. என் சந்தேகம் கேபிள்ல தண்ணி.

மாஸ்ட இப்போ எறக்க வேணாம். நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிள அளக்கற சின்ன கருவி) கைவசம் இருந்தா ரூம்ல இருந்தபடியே 3ல இருந்து 15 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டுங்க. உங்க ஆன்டெனா 14 கிட்ட முழு அலை, அங்க மேட்சே ஆகாது. கேபிள் நல்லா இருந்தா 14ல 5, 6ன்னு எகிறணும். அங்கயும் பல்ல இளிச்சுட்டு 2க்குள்ள உக்காந்திருந்தா கேபிள் காலி.

நாகை_மாடி:
மாமா, ஓட்டிட்டேன். 14.1ல 1.5!! 5 மெகாஹெர்ட்ஸ்லயும் 1.4 தான். கோடு படுத்துட்டு இருக்கு.

மாஸ்ட்_மாமா:
முடிஞ்சுது கதை. எறக்குங்க.

வேதை_கடலோரம்:
எறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க ஓஎம். தெரு பக்கம் ஈபி லைன் இருக்கா? மாஸ்ட் உயரத்தோட ஒரு 10 அடி சேத்து அந்த வட்டத்துக்குள்ள லைன் வந்தா சப்ளை கட் பண்ணச் சொல்லிட்டுதான் கை வைக்கணும். மாஸ்ட விட ஆன்டெனா கம்பிதான் ஆபத்து, மாஸ்ட் சாயும்போது அது எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது, அதனால மொதல்ல ரெண்டு முனையையும் அவுத்து சுருட்டி மாஸ்ட்லயே கட்டிடுங்க. அடியில கீல் வச்சிருக்கீங்களா இல்ல நேரா கிளாம்ப்பா?

நாகை_மாடி:
கீல் இருக்கு, மேற்கால சாயும். தெரு கிழக்க, லைன் 50 அடி தள்ளி. மாடி நீளம் 45 அடி. ஸ்டே கம்பி நாலு பக்கம், ரெண்டு லெவல்.

வேதை_கடலோரம்:
அப்போ பரவால்ல. வடக்கு தெற்கு ஸ்டே ரெண்டும் கீலோட அச்சுக்கு நேர்கோட்டுல, அதே மட்டத்துல நங்கூரம் போட்டிருந்தா அவுக்க வேணாம், மாஸ்ட் பக்கவாட்டுல போகாம அதுவே புடிச்சுக்கும். நேர்கோட்டுல இல்லன்னா சாயச் சாய ஒண்ணு இறுகும் ஒண்ணு தொங்கும், ஆள் விட்டு விட்டுக்குடுத்துட்டே வரணும். கிழக்கு ஸ்டேய கழட்டி, கீல் பக்கத்துல ஒரு 12 அடி பைப்ப செங்குத்தா குடுத்து அது வழியா கயித்த விட்டு மெதுவா எறக்குங்க. மாஸ்ட் நேரா நிக்கும்போது கயித்துல கனமே தெரியாது, அதுல ஏமாந்துடாதீங்க, தரைய நெருங்க நெருங்கதான் முழு பாரமும் கைக்கு வரும். கயித்த பில்லர்ல ரெண்டு சுத்து சுத்தி விடுங்க, வெறும் கையில புடிக்காதீங்க. மாஸ்ட் சாயற வழியில யாரும் நிக்கக்கூடாது, வேடிக்கை பாக்க வர்ற பசங்கள கீழ அனுப்பிடுங்க.

நாகை_மாடி:
எறக்கியாச்சு, ஒண்ணும் ஆகல. மேல் முனைய வெட்டிட்டு ஆன்டெனாவே இல்லாம அந்தப் பக்கம் திறந்தபடி விட்டு 7.1ல அளந்தேன், ரிட்டர்ன் லாஸ் (போனத விட திரும்பி வந்தது எவ்வளவு கம்மிங்கறது) 16 டிபி, எஸ்டபிள்யூஆர் 1.4. மேல ஒண்ணுமே கட்டல, அதுக்கு 1.4!

எம்சீல் வெடிச்சு நடுவுல மயிரிழை கீறல். டேப் பசை வெயில்ல உருகி வழுக்கிட்டு கீழ எறங்கி இருக்கு. உறைய சீவிப் பாத்தா பின்னல் செம்பு நிறமே இல்ல, கறுப்பு, நகத்தால தேச்சா பொடியா உதிருது. அரை மீட்டர் வெட்டினேன் கறுப்பு, இன்னும் ரெண்டு மீட்டர் வெட்டினேன் அப்பவும் கறுப்பு, ஒரு எடத்துல அழுத்தினா சொட்டு தண்ணி வருது. எதுவரைக்கும் வெட்டினா போதும்?

மாஸ்ட்_மாமா:
வெட்டாதீங்க, மொத்தமா தூக்கிப் போடுங்க. பின்னல் இழை இடுக்குல தண்ணி தானா ஏறி எறங்கி பரவும், உங்க கேபிள் மேல இருந்து கீழ வர்றதால ரிக் கனெக்டர் வரைக்கும் வந்திருக்கும், அத கழட்டிப் பாருங்க பச்சை பூத்திருக்கும். உப்புக்காத்து ஊர்ல இது இன்னும் சீக்கிரம்.

கணக்கு பாருங்க. 16 டிபி போய்த் திரும்ப, அப்போ ஒரு வழிக்கு 8. நல்ல ஆர்ஜி 58 25 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 1 டிபிதான் தின்னணும், முனை திறந்திருந்தா எஸ்டபிள்யூஆர் 8, 9ன்னு காட்டணும். உங்க 50 வாட்ல மேல போய் சேந்தது 8 வாட். புது கேபிள் வாங்கினதும் மேல ஏத்தறதுக்கு முன்னாடி இதே மாதிரி அளந்து எழுதி வச்சுக்கோங்க, வருஷம் ஒருதடவை ஒப்பிட்டுப் பாக்கலாம்.

சால்டரிங்_அயர்ன்:
பாலன்னு சொன்னத வாபஸ் வாங்கல :) ஆனா காரணம் வேற. பாலன் டப்பாவுல சாக்கெட் அடிப்பக்கம் பாத்து இருந்தா கேபிள் முனை வானத்த பாக்காது. டப்பா அடியில சின்ன ஓட்டை போடுங்க, உள்ள வேர்க்கற தண்ணி வெளிய போகணும். பிஎல் 259 கனெக்டர் தண்ணி தாங்காது, அதுக்கு மேல செல்ஃப் அமால்கமேட்டிங் ரப்பர் டேப்ப ரெண்டு மடங்கு இழுத்து கீழ இருந்து மேல சுத்துங்க, ஓடு வேயற மாதிரி மேல் சுத்து கீழ் சுத்து மேல ஏறி உக்காரணும். அதுக்கு மேல சாதா பிவிசி டேப், வெயிலுக்கு. வினிகர் நாத்தம் அடிக்கற சிலிகான மட்டும் தொடாதீங்க, அந்த ஆசிட் செம்ப அரிக்கும். கேபிள் ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்க விட்டா தண்ணி அங்கயே சொட்டிடும்.

புதுசு_எஸ்டபிள்யூஎல்:
நடுவுல ஒரு சந்தேகம், கேபிள் டிவிக்காரங்க போடற ஆர்ஜி 6 போடலாமா, அது சல்லிசு.

மாஸ்ட்_மாமா:
போடலாம். 75 ஓம், டைபோலுக்கு ஒண்ணும் குடி முழுகாது, லாஸும் ஆர்ஜி 58 விட கம்மி. ஆனா அதோட பின்னல் அலுமினியம், சால்டர் புடிக்காது, எஃப் கனெக்டர் கிரிம்ப் பண்ணிதான் எடுக்கணும். கடலோரத்துல அலுமினியமும் செம்பும் நேரா தொட்டா அரிப்பு வேற, அதனால இவருக்கு வேணாம். நீங்க திருச்சி பக்கம்னா போடுங்க.

வேதை_கடலோரம்:
நீங்க போட்ட படத்துல ஸ்டே கம்பிய பாத்தேன் ஓஎம். ரெண்டு எடத்துல யூ கிளிப்ப (மடக்கின கம்பிய இறுக்கற கிளிப்) திருப்பி மாட்டியிருக்காங்க. யூ வளைவு வெட்டின வால் பக்கம் கடிக்கணும், தட்டையான சேடில்தான் பாரம் தாங்கற கம்பி மேல உக்காரணும், மாறிப்போனா யூ அந்தக் கம்பிய நசுக்கி அங்கதான் அறும். மேற்கு ஸ்டே கைப்பிடிச் சுவர்ல கட்டியிருக்கு, அது வெறும் செங்கல், புயல் காத்துல சுவரோட பேத்துட்டு வரும். 2018 நவம்பர்ல கஜா எங்க பக்கம்தான் கரை ஏறுச்சு, எங்க தெருவுல சுவர்ல கட்டினது எல்லாம் சுவரோட போச்சு. அடுத்த மாடிக்குன்னு விட்டு வச்ச பில்லர் கம்பி நீட்டிட்டு இருக்கே, துரு இல்லன்னா அதோட அடியில கட்டுங்க, துரு இருந்தா தளத்துல பீம் போற எடம் பாத்து ஐ போல்ட் போடுங்க. டர்ன்பக்கிள் (ஸ்டே கம்பிய இறுக்கற திருகு) கழண்டு வராம நடுவுல ஒரு கம்பிய குறுக்க விட்டு முறுக்கிடுங்க.

நாகை_மாடி:
எல்லாம் பண்ணியாச்சு. புது ஆர்ஜி 58, பாலன் டப்பா, ரப்பர் டேப், மேற்கு ஸ்டே பீமுக்கு மாத்தினேன். உச்சில கப்பி ஒண்ணும் வச்சுட்டேன், இனி ஆன்டெனாவ மட்டும் எறக்கிக்கலாம். இப்போ 7.100ல 1.3, ஓரத்துல 1.8. பெங்களூர் 59 குடுத்தாரு. இரைச்சல் திரும்பவும் எஸ்7, அது வேற கவலை. மாஸ்ட்டுக்கு தனி எர்த் வேணுமா, இடி சீசன்ல என்ன பண்றீங்க?

மாஸ்ட்_மாமா:
மாஸ்ட்ட ஜிஐ பட்டையால தனி எர்த் பிட்டுக்கு எறக்குங்க, அந்த பிட்ட வீட்டு எர்த்தோட சேத்து விடுங்க, ரெண்டும் பிரிஞ்சு கெடந்தா இடி நேரத்துல வித்தியாசம் உங்க ரிக் வழியாதான் ஓடும். இடி சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே கேபிள கழட்டி முனைய ஜன்னலுக்கு வெளிய போடுங்க, ரிக் பக்கத்துல சுருட்டி வைக்கறது கழட்டாததுக்கு சமம். பவர் பிளக்கும் சேத்து. இரைச்சலுக்கு இங்க தனியா ஒரு பதிவு போடுங்க, எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் ரெண்டையும் ஒண்ணொண்ணா அணைச்சுப் பாத்துட்டு வாங்க. 73 (வாழ்த்துகள்).